கவருக்குள் இருந்த காற்று

மெஹ்னாஸின் மாமியாரிடம் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை, "உங்க மருமக எங்க வேலை செய்யுது?" என்று கேட்டாள். "காலடிப்பேட்டையில ஒரு கம்பெனி. டிரைவர் எழுதுறா" என்றாள் மாமியார். "லைசென்ஸ் ஆபீசா?" என்று அந்தம்மா கேட்டதை மெஹ்னாஸின் புருஷன் மொஹ்சின் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அவள் எழுதியது வேறு டிரைவர். ஒரு சர்க்யூட் போர்டில் நடுநாயகமாக விரல் நகம் அளவுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை, ஒரு குணம். சிப்பிடம் அதன் பாஷையில் பேசி, அது சொல்வதை வாங்கி மற்ற புரோகிராமிடம் ஒப்படைக்கிற சின்னப் புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். பெரிய கம்பெனி சிப்பு என்றால் டிரைவரும் கூடவே வந்துவிடும். அவள் முதலாளி ஜார்ஜ் மலிவாகப் பிடித்து வரும் சிப்புகளுக்கு அப்படி எதுவும் வராது. அதற்காகத்தான் மெஹ்னாஸ். லாரிப் பட்டறைக்கு மேலே முதல் மாடியில், நாலே நாலு பேர் வேலை செய்யும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு அது ஒன்பதாவது வருஷம்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஜார்ஜுக்கு ஒரு ஆர்டர் கிடைத்தது. எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளின் கழிவுக் குழிகளைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்டர் ஒருவர். குழியில் இறங்குகிற ஒவ்வொரு ஆளின் கழுத்திலும் விஷவாயு மீட்டர் தொங்கவேண்டும் என்று ஆலைக்காரர்கள் புதிதாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டு மீட்டர் விலை கட்டுப்படியாகவில்லை. "முப்பது மீட்டர், நாமளே செஞ்சு குடுக்கிறோம்" என்று ஜார்ஜ் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சென்சார் ஒரு சீனக் கம்பெனியுடையது. டப்பாவுக்குள் இரண்டு பக்கத் தாள் ஒன்று இருந்தது. அதை மெஹ்னாஸ் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தபோது, "தூங்கும் முன் கடிகாரத்தைத் தொந்தரவு செய்யாதே" என்று வந்தது.

குழிகளில் இருப்பது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அளவு கூடிவிட்டால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். அதற்கப்புறம் ரெண்டு மூச்சுதான். அதனால் இந்த டிரைவரில் மட்டும் அவள் எதையும் போகட்டும் என்று விடவில்லை. மூன்று வாரம் அந்த சென்சாரோடு மல்லுக்கட்டினாள். சிப்புக்கும் சென்சாருக்கும் இடையில் ஓடும் இரண்டு கம்பிகளில் சிக்னலைப் பார்த்துப் பார்த்தே அதன் பாஷையைக் கற்றுக்கொண்டாள். பேட்டரியை மிச்சம் பிடிக்க அது நடுநடுவே தூங்கும், அதில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. தூங்கி எழுந்ததும் அது சொல்லும் முதல் எண், இப்போதைய காற்றின் அளவு கிடையாது. தூங்கப் போகும் முன் பார்த்த பழைய அளவு. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நாள் ஆயிற்று. முதல் எண்ணைத் தூக்கிப் போடு, இரண்டாவதை எடு என்று எழுதினாள். சென்சார் பதில் சொல்லாவிட்டால் பூஜ்யம் என்று காட்டாதே, மீட்டரைக் கத்தவிடு என்று எழுதினாள்.

"பூஜ்யம்னா காத்து சுத்தமா இருக்குன்னு அர்த்தம் சார். சென்சார் செத்துப்போனாலும் பூஜ்யம்னு காட்டினா ஆள் செத்துடுவான்" என்று ஜார்ஜுக்கு விளக்கினாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ செய்மா. ஜூன் ஆறுக்குள்ள டெலிவரி" என்றார் ஜார்ஜ்.

மே மாதக் கடைசியில் மாதிரிக்கு ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு அவளே எண்ணூருக்குப் போனாள். ஒரு ஆலையின் பின்பக்கம், மூடி திறந்த கழிவுக் குழி. சுற்றிலும் நாலு பேர். அதில் மூத்தவன் பீம்ராவ். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான, கெட்டியான உடம்பு. கொடுங்கையூர் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து வருகிறவன். அவனுக்குக் கயிறு பிடிக்கும் ஆள் பெனிட்டோ.

"இன்னாமா இது, டாலரா?" என்று கேட்டுக்கொண்டே பீம்ராவ் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"காத்துல விஷம் இருந்தா கத்தும் அண்ணே. கத்துச்சுன்னா ஒரு செகண்ட் நிக்காம மேல வந்துடணும்."

"நான் மேல வந்தா சூப்பர்வைசரு கத்துவாரே. அத்த இன்னா பண்றது?"

பெனிட்டோ சிரித்தான். சூப்பர்வைசர் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பீம்ராவ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஏணியில் ஆறாவது படிதான் இறங்கியிருப்பான். உள்ளேயிருந்து மீட்டர் வீறிட்டது. மெஹ்னாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேல வாங்க, மேல வாங்க!" என்று கத்தினாள். பெனிட்டோ கயிற்றைச் சுண்டி இழுத்தான். பீம்ராவ் மேலே வந்து, குழி ஓரத்தில் குந்தி, மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தான். திரையில் எண் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வாசனையே வர்லியேம்மா" என்றான்.

"அதுதான் அண்ணே பயம். இது கத்தியும் வாசனை வரலைன்னா நிறைய இருக்குன்னு அர்த்தம்."

"இருவது வருசமா எறங்குறேன். மூக்க நம்பித்தான் எறங்குறேன். அது பொய் சொல்லுமுன்னு ஒர்த்தனும் சொல்லலியே" என்றான். மீட்டரின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு, "தண்ணி பட்டா பூடுமா இது?" என்று கேட்டான்.

"தெறிச்சா ஒண்ணும் ஆகாது. முக்கிடாதீங்க, அவ்வளவுதான். சேறு பட்டா துடைச்சுக்கலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பது வருஷத்தில் அவள் எழுதியதெல்லாம் வண்டி ஹாரனுக்கும் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும்தான். ஒரு மனுஷனைக் குழியிலிருந்து மேலே இழுத்த டிரைவர் இதுதான் முதல்.

டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மதியம் சாப்பிடப் போகும்போது, கீழே பட்டறையிலிருந்து இரும்புத் தூள் வருகிறதே என்று ஒரு மீட்டரை பிரெட் கவருக்குள் போட்டு முடிந்துவிட்டுப் போனாள். மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், அந்த முக்கால் மணி நேரமும் அளவு ஒரே நேர்க்கோடாக இருந்தது. சாதாரணமாக அந்த எண்ணின் கடைசி இலக்கம் அசைந்துகொண்டே இருக்கும். ஃபேன் காற்று, ஆள் நடமாட்டம், மூச்சு, எது பட்டாலும் ஒரு துளி ஆடும். கவருக்குள் அது பிணம் மாதிரிக் கிடந்தது.

ஜார்ஜிடம் காட்டினாள். "சார், சென்சார் வாய் அடைஞ்சுபோனா இப்படித்தான் வரும். இத்தனை நிமிஷம் எண் அசையலைன்னா கத்துன்னு டிரைவர்ல ஒரு சோதனை எழுதிடலாம். ஆனா டெஸ்ட் பண்ண ஒரு வாரம் வேணும்."

"டெலிவரி வெள்ளிக்கிழமைமா. மீட்டரைக் கவர்ல போட்டு யாரு கட்டப்போறா? அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அவளுக்கும் முடித்துவிட வேண்டும்போல்தான் இருந்தது. சனிக்கிழமை பக்ரீத். தைக்கக் கொடுத்த துணிகூட இன்னும் வாங்கவில்லை. 'அடைப்புச் சோதனை, பிறகு எழுதவேண்டும்' என்று புரோகிராமில் ஒரு வரி குறிப்பு எழுதி வைத்தாள். முப்பது மீட்டரும் போயின.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு ஜார்ஜுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவள் மேஜைக்கு வந்தார். "எண்ணூர்ல குழியில ஒரு ஆள் போயிட்டானாம். தூக்க எறங்கினவன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில கிடக்கிறான். மீட்டர் கத்தலைன்னு சொல்றாங்க."

செத்தது பீம்ராவ். தூக்க இறங்கியது பெனிட்டோ.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மீட்டருக்குள் பதிவாகியிருப்பதை எஸ்.ஐ. முன்னாலேயே எடுத்துக் காட்டவேண்டும். மெஹ்னாஸ் லேப்டாப்பும் கேபிளுமாக ஜார்ஜோடு போனாள். காண்ட்ராக்டரின் மேனேஜரும் வந்திருந்தார். முந்தின நாள் ராத்திரி முழுக்க அவள் தன் டிரைவரை வரி வரியாகப் படித்திருந்தாள். எங்கே தப்பு விட்டோம், எங்கே தப்பு விட்டோம் என்று அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏட்டு ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதில் மீட்டர் ஒரு பால் கவருக்குள் இருந்தது. கவரை மடித்து, மேலே இரண்டு சுற்று ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. கவர்தான் சேறாக இருந்ததே தவிர, உள்ளே மீட்டர் புத்தம் புதிதாக மினுங்கியது.

அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. கேபிளைச் சொருகிப் பதிவுகளைத் திறந்தாள். ஒன்பது நாற்பதிலிருந்து பதினொன்று வரை, பத்து செகண்டுக்கு ஒரு வரி. எல்லாம் பூஜ்யம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சென்சார் நன்றாக இருக்கிறது என்ற குறி. கடைசி இலக்கம் ஓரிடத்திலும் ஆடவில்லை.

"பாத்தீங்களா சார், விஷவாயுல ஒரு ஆளே செத்திருக்கான், இது பூஜ்யம் காட்டுது. மிஷின் டூப்ளிகேட்" என்றார் மேனேஜர்.

"மீட்டர் நல்லா இருக்கு சார்" என்றாள் மெஹ்னாஸ். "கவருக்குள்ள இருந்த காத்தை அது அளந்திருக்கு. கவருக்குள்ள விஷம் இல்ல."

எஸ்.ஐ. கவரைப் பென்சிலால் தூக்கிப் பார்த்தார். மேனேஜரும் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "அப்போ சரி. நாங்க நல்ல மீட்டர்தான் குடுத்திருக்கோம். அவனா கவர் போட்டு மூடிக்கினா நாங்க இன்னா சார் பண்றது? அவனோட அஜாக்கிரதை."

வெளியே வந்ததும் ஜார்ஜ் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே, நம்ம மேல ஒண்ணும் இல்ல." மெஹ்னாஸின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வண்டியை எடுக்கப் போனார்.

எழுத்தில் ரிப்போர்ட் கேட்டார்கள். அவள் மூன்று பாரா எழுதினாள். மீட்டர் வேலை செய்தது என்று ஒன்று. கவர் போட்டிருந்ததால் வெளிக்காற்று போகவில்லை என்று ஒன்று. வெளிக்காற்று வராவிட்டால் அதைக் கண்டுபிடிக்க டிரைவரில் வழி இருந்தது, ஜூன் மாதமே அது எனக்குத் தெரியும், எழுதாமல் விட்டேன் என்று மூன்றாவது.

"இதை யாரு கேட்டா?" என்றார் ஜார்ஜ். அவர் கண் கலங்கியிருந்தது. "நாலு குடும்பம் இதுல சாப்பிடுதும்மா." அவள் கேட்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். எஸ்.ஐ. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மீட்டர் ஓடுச்சா இல்லையா, அவ்வளவுதாம்மா கேள்வி. உங்க மனசாட்சியை எல்லாம் நான் எங்க ஃபைல் பண்றது?" அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பாராவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழுத மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம் என்பது பஸ்ஸில் ஏறின பிறகுதான் தோன்றியது.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒருதரம் போய் அந்த ஆளோட சம்சாரத்தைப் பார்த்துட்டு வந்துடு. உள்ளதைச் சொல்லிடு" என்றான் மொஹ்சின். அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. கொடுங்கையூரில் விசாரித்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினாள். குப்பைமேட்டுப் புகைக்காக மதியத்திலும் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். பீம்ராவின் மனைவி டெபோரா கதவைத் திறந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"நீதான் அந்த மிஷின் செஞ்ச பொண்ணா? வா, குந்து" என்றாள் டெபோரா. "உன்னப் பத்திச் சொல்லிகினே இருப்பாரு. மொதோ நாளு அது கத்தி மேல வந்தாராமே. வந்து ஊரெல்லாம் சொன்னாரு."

மெஹ்னாஸ் வாயைத் திறப்பதற்குள் டெபோராவே தொடர்ந்தாள். "அத்த கொயந்த மாரி வெச்சிகினாரு. கெட்டுப்பூட்டா சம்பளத்துல புடிப்போமுன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிகினாங்க. ஏற்கெனவே பூட்ஸு கிழிஞ்சதுக்குப் புடிச்சிகினவங்கதானே. அதான் நானு தெனம் காலையில பால் கவரக் கழுவிக் காயவெச்சி, நல்லா சுத்தி ரப்பர் போட்டுக் குடுப்பேன். நாலு மாசமா ஒரு சொட்டு சேறு படல, தெரிமா? அப்பால அது கத்தவே இல்ல. இப்பல்லாம் நல்ல குழியாப் பாத்து எறக்குறாங்க போலக் கீதுன்னு பேசிக்குவோம்."

டெபோரா கொடுத்திருந்த தண்ணீர் டம்ளரை மெஹ்னாஸ் கீழே வைத்தாள். நாலு மாதம். மாதத்துக்கு இருபத்தாறு நாள் வேலை. ஒவ்வொரு நாளும் இந்தப் பெண் தன் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"எல்லா நாளும் ஒயுங்கா இருந்துட்டு அன்னிக்கு மட்டும் ஏம்மா கத்தல அது?" என்று டெபோரா கேட்டாள். அவளிடம் யாரும் கவரைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. அஜாக்கிரதை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ரிப்பேர் அக்கா" என்றாள் மெஹ்னாஸ். "மிஷின்ல ரிப்பேர். நான் எழுதினதுல தப்பு. என்மேலதான் தப்பு."

டெபோரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மெஹ்னாஸ் நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. டெபோரா, "நீ இன்னா வோணுமுன்னா செஞ்ச?" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

படி இறங்கும்போது மெஹ்னாஸுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது போலிருந்தது. அந்த லேசு வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. டெபோரா இதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். எதற்குச் சும்மா இருக்கவேண்டும்?

நவம்பரில் தொழிலாளர் துறை அதிகாரி விசாரணை வைத்தார். நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. பக்கத்தில் டைப் அடிக்க ஒருவர். ஒரு பக்கம் காண்ட்ராக்டரின் வக்கீல், மேனேஜர். இன்னொரு பக்கம் ஜார்ஜும் மெஹ்னாஸும். டெபோரா நடுவில் ஒரு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெனிட்டோ வரவில்லை, அவனால் இன்னும் ஒரு மாடிகூட ஏற முடியவில்லை.

"எங்கூட்டுக்காரரு அஜாக்கிரதையா இருக்கலைங்க மேடம்" என்றாள் டெபோரா. "மிஷின் ரிப்பேரு. அந்தப் பொண்ணே எங்க வூட்டாண்ட வந்து சொல்லிச்சி. தோ, குந்திகினு கீதே, அதாண்டயே கேளுங்க."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தயாரிச்சவங்களே ஒப்புக்கிறாங்க மேடம். அப்போ என் கட்சிக்காரருக்கு இதுல சம்பந்தமே இல்ல." ஜார்ஜ் மெஹ்னாஸைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

அதிகாரி ரிப்போர்ட்டைப் புரட்டினார். "மீட்டர் சரியா இருந்ததுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வீட்டுல போய் ரிப்பேர்னு சொல்லியிருக்கீங்க. எதும்மா உண்மை?"

மெஹ்னாஸ் எழுந்து நின்றாள். எதைச் சொன்னாலும் யாருக்கு என்ன ஆகும் என்று மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்தாள். ரிப்பேர் என்றால் ஜார்ஜ் கம்பெனியை மூடவேண்டும். காண்ட்ராக்டர் கை கழுவிவிடுவார். ரிப்பேர் இல்லை என்றாலும் காண்ட்ராக்டர் கை கழுவிவிடுவார். பழி செத்தவன் தலையில் விழும். இரண்டு பக்கமும் அவர் வெளியே வருவதற்குக் கதவு திறந்திருந்தது.

"மீட்டர் தன்னைச் சுத்தி இருந்த காத்தைச் சரியாத்தான் அளந்துச்சு மேடம்" என்றாள். "ஆனா வெளிக்காத்து தன்கிட்ட வரலைங்கிறதை அது கண்டுபிடிச்சுக் கத்தியிருக்கணும். அந்த வேலை டிரைவரோடது. டிரைவர் எழுதினது நான். ஜூன்லயே எனக்குத் தெரியும். எழுதாம விட்டுட்டேன். அதைத்தான் தப்புன்னு சொன்னேன்."

கவர் என்ற வார்த்தை வராமல் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"வெளிக்காத்து ஏன் வரல?" என்று அதிகாரி கேட்டார்.

மெஹ்னாஸ் டெபோராவைப் பார்த்தாள். வக்கீல் ஃபைலிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "இதனாலதான் மேடம். பாலிதீன் கவர். தொழிலாளி தானாவே போட்டு மூடியிருக்கார்."

அதிகாரி பார்த்துவிட்டுப் போட்டோவை மேஜைமேல் வைத்தார். டெபோரா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"இது நான் கட்டுனது" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. டைப் அடிப்பவரின் கை நின்றது. அதிகாரி தலையசைத்ததும் அதையும் அடித்தார்.

"மீட்டர் கெட்டுப்போனா சம்பளத்துல பிடிப்போம்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க மேடம். அந்தப் பயத்துலதான் கவர் போட்டாங்க. அந்தத் தாளைக் கேளுங்க" என்று மெஹ்னாஸ் கிட்டத்தட்டக் கத்தினாள்.

"அப்படி ஒரு தாள் எங்ககிட்ட கிடையாது" என்றார் மேனேஜர்.

டெபோரா ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மடியில் வைத்திருந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. காண்ட்ராக்டர் இரக்கப்பட்டுக் கொஞ்சம் பணமும், டெபோராவுக்குத் தன் கொட்டகையில் பெருக்கும் வேலையும் கொடுத்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். டெபோரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜார்ஜ் மெஹ்னாஸை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "இனிமே மனுஷன் கழுத்துல தொங்கற எதையும் நாம செய்ய வேணாம்" என்று மட்டும் சொன்னார். மறுபடி ஹாரன் போர்டு வந்தது.

அடைப்புச் சோதனையை மெஹ்னாஸ் டிசம்பரில் எழுதினாள். பதினேழு வரி. ஃபேன் இல்லாமல், ஃபேன் வைத்து, குளிரில், ஈரத்தில் என்று பத்து நாள் சோதித்தாள். வாயை அடைத்தால் இரண்டே நிமிஷத்தில் மீட்டர் வீறிட்டது. ஒருதரம்கூடத் தவறவில்லை. மீதி இருபத்தொன்பது மீட்டர்களையும் இலவசமாகவே மாற்றித் தருகிறேன் என்று காண்ட்ராக்டருக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளே எண்ணூருக்குப் போனாள். கொட்டகை வாசலில் டெபோரா பெருக்கிக்கொண்டிருந்தாள். மெஹ்னாஸைப் பார்த்ததும் கை நின்றது.

"அன்னிக்கு வூட்லயே நீ சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"முடியல அக்கா."

"ஆமா" என்றாள் டெபோரா. பெருக்கின குப்பையை ஓரம் தள்ளிவிட்டு, "இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டாள்.

மெஹ்னாஸ் சொன்னாள். டெபோரா முழுக்கக் கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே இருந்த இரும்பு பீரோவைத் திறந்தாள். "சீக்கிரமா முடி."

இருபத்தொன்பதும் ஒரு அட்டைப்பெட்டியில் கொட்டிக் கிடந்தன. ஒன்றிலும் சார்ஜ் இல்லை. அக்டோபருக்குப் பிறகு யாரும் தொட்டிருக்கவில்லை. லேப்டாப் கேபிளைச் சொருகினால் உயிர் வந்தது. புது டிரைவர் ஏற ஒன்றரை நிமிஷம். கேபிளைப் பிடுங்கினால் திரை அணைந்தது. டெபோரா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், ஏறி முடிந்ததைத் துணியால் துடைத்துத் திரும்ப அடுக்கினாள். கடைசி ஏழெட்டு இருக்கும்போது வெளியே லாரி வந்து நின்றது. ஆறேழு பேர் கயிறும் வாளியுமாக ஏறினார்கள்.

மெஹ்னாஸ் ஒரு மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே ஓடினாள். சூப்பர்வைசர் லாரிப் பக்கத்தில் நின்றிருந்தார். "சார், இருபதுக்கு மேல சரி பண்ணிட்டேன். ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டாப் போதும். இவங்களுக்குக் குடுத்து அனுப்புங்க சார்."

அவருக்கு அவள் யாரென்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் மீட்டரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கக்கூட இல்லை; மரியாதையாகத்தான் வாங்கினார். "வேணாம்மா. இது இருக்கப் போய்த்தானே இது என்ன காட்டுச்சு, அது என்ன காட்டுச்சுன்னு ஆயிரம் கேள்வி வந்துச்சு. எடுக்கக்கூடாதுன்னு ஆர்டர். ஆலைக்காரங்க கேட்டா மட்டும் பெட்டியோட காட்டுவோம். நீங்க கெளம்புங்க."

லாரி கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், யாரோ என்னவோ என்று மெஹ்னாஸைப் பார்த்துக்கொண்டே போனான். ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, சாம்பல் பறந்தது. இரண்டு நிமிஷத்தில் அந்த லாரி எது என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

உள்ளே வந்தபோது டெபோரா மீதி மீட்டர்களைப் பெட்டியில் போட்டு, பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் வெளியிலிருந்து, "டெபோரா, பாத்ரூம் கழுவியாச்சா?" என்று கேட்டார்.

"தோ, போய்கினே கீறேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.